ஒரே வகுப்பில் நாலு இசக்கிமுத்து

கேள்வி:

அக்கா, வணக்கம். அம்பாசமுத்திரத்தில் அப்பா சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சடங்கு வீட்டு பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் உண்டு. படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்து, எது யாருடையது என்று தெரியாமல் போகிறது. அதனால் வாடிக்கையாளர்களே படம் ஏற்றுகிற மாதிரி பைத்தானில், பிளாஸ்க் என்ற வெப் கட்டமைப்பை வைத்து ஒரு தளம் எழுதினேன். என் லேப்டாப்பில் அருமையாக ஓடியது. சர்வரில் போட்ட பிறகுதான் வினை. போன வாரம் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் புரூஃபில் வேறு வீட்டுக் கல்யாண மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறார். அப்பா பார்த்ததால் தப்பித்தோம். அப்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் இருபது முப்பது ஆர்டருக்கு நாலைந்து ஃபைல்தான் இருக்கிறது. அதில் ஒன்றின் பெயரே வெறும் 'ஜேபிஜி'. பெயரைச் சுத்தம் செய்ய செக்யூர் ஃபைல்நேம்தான் பயன்படுத்தியிருக்கிறேன். இது போக, பிடிஎஃப் அனுப்பினால் 0 பைட்டாக விழுகிறது. பெரிய படம் போட்டால் சிலருக்கு 413 என்று வருகிறது, என் லாக்கில் ஒன்றுமே இல்லை. நண்பன் சொன்னான் என்று ஃபோல்டருக்கு 777 கொடுத்துப் பார்த்தேன், எதுவும் மாறவில்லை. எங்கே தப்பு?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் போஸ்டர் அச்சாகி பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், மாப்பிள்ளை வீட்டார் கடைக்கு வந்து நின்றிருப்பார்கள், அதற்கு எந்த புரோகிராமரிடமும் பதில் கிடையாது. அப்பாவின் கண்ணுக்கு ஒரு கும்பிடு. தளம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அவர் புரூஃப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் லேப்டாப்பில் சரியாக ஓடியது ஏன் தெரியுமா? சோதித்துப் பார்க்க நீங்கள் ஏற்றிய படங்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் இருந்திருக்கும். உங்கள் வாடிக்கையாளர்கள் 'மாப்பிள்ளை', 'அம்மன் கொடை', 'தாத்தா' என்று தமிழில் பெயர் வைத்து அனுப்புகிறார்கள். அது குற்றமில்லை, அவர்கள் பாஷை அது.

செக்யூர் ஃபைல்நேம் என்கிற அந்த ஃபங்ஷன் பிளாஸ்க்குக்கு அடியில் இருக்கிற வெர்க்சாய்க் லைப்ரரியில் வருகிறது. அது செய்கிற வேலையை வரிசையாகப் பாருங்கள். கொடுத்த பெயரை ஆஸ்கி எழுத்துகளாக, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே உள்ள பழைய பட்டியலுக்குள், மாற்றப் பார்க்கும். ஆஸ்கியில் இல்லாத எழுத்தைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். தமிழ் எழுத்து ஒன்றுகூட ஆஸ்கியில் கிடையாது. ஆகவே 'மாப்பிள்ளை' முழுவதும் போய், புள்ளியும் அதன் பின்னால் இருக்கிற மூன்று ஆங்கில எழுத்தும் மிஞ்சும். கடைசியாக, பெயரின் முன்னும் பின்னும் தொங்குகிற புள்ளி, அடிக்கோடு ஆகியவற்றைச் சீவி எறியும். புள்ளியும் போச்சா? கையில் நிற்பது 'ஜேபிஜி' மட்டும். 'தாத்தா' படத்துக்கும் அதே கதி, 'அம்மன் கொடை'க்கும் அதே கதி. யாராவது 'அம்மா 1', 'அம்மா 2' என்று அனுப்பியிருந்தால் '1.ஜேபிஜி', '2.ஜேபிஜி' என்று விழுந்திருக்கும். உங்கள் ஃபோல்டரில் இருக்கிற அந்த நாலைந்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் சேவ். ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒன்று இருந்தால் சேவ் கேட்காது, கொள்ளாது, மேலேயே எழுதிவிடும். டேட்டாபேஸில் இறந்தவர் ஆர்டருக்கு நேரே 'ஜேபிஜி', மாப்பிள்ளை ஆர்டருக்கு நேரேயும் 'ஜேபிஜி'. டிஸ்க்கில் இருப்பதோ ஒரே ஒரு 'ஜேபிஜி', கடைசியாக வந்தவருடையது. மாப்பிள்ளை பின்னால் வந்தார், போஸ்டரில் ஏறிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

ஃபங்ஷனைத் திட்டிப் பிரயோசனமில்லை. பெயர் காலியாகவே திரும்பி வரலாம், ஒரே பெயர் இரண்டு தடவை வராமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நாம்தான் 'செக்யூர்' என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுகிறோம். அதன் வேலை ஒன்றே ஒன்று: யாராவது பெயருக்குள் இரண்டு புள்ளியும் சாய்கோடும் வைத்து உங்கள் ஃபோல்டரை விட்டு மேலே ஏறி, வேறெங்காவது எழுதப் பார்த்தால் தடுப்பது. அதை அது ஒழுங்காகச் செய்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்கள் வகுப்பில் நாலு இசக்கிமுத்து. நம்ம பக்கம் இது அதிசயமில்லை. இசக்கி, சுடலை, பேச்சி என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். டீச்சர் முதலில் இனிஷியல் போட்டுப் பார்த்தார். இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. பிறகு ஊர்ப் பெயர் சேர்த்துப் பார்த்தார், அதிலும் இடித்தது. கடைசியில் விடைத்தாள் கட்டுகிறபோது ரோல் நம்பரை மட்டும் எழுதச் சொல்லிவிட்டார். பெயர் ரிஜிஸ்டரில் இருந்தது, அழகாக, முழுசாக.

உங்கள் தளத்துக்கும் அதுதான் வேண்டும். வாடிக்கையாளர் கொடுத்த பெயரை டிஸ்க் பக்கமே விடாதீர்கள். ஒவ்வொரு படம் வரும்போதும் பைத்தானின் யூயூஐடி மாட்யூலில் இருக்கிற யூயூஐடி4-ஐக் கூப்பிட்டு அதன் ஹெக்ஸ் வடிவைக் கேட்டால், இடைக்கோடு எதுவும் இல்லாத 32 எழுத்தில் ஒரு பெயர் தரும். அதில் 122 பிட் தற்செயலாக அமைவது. உங்கள் பேரன் காலம் வரை அச்சடித்தாலும் இரண்டு ஒன்றாக வராது என்று நம்பி இருக்கலாம். அதோடு நீங்களே முடிவு செய்த எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து டிஸ்க்கில் எழுதுங்கள். டேட்டாபேஸில் ஆர்டர் எண், டிஸ்க் பெயர், வாடிக்கையாளர் வைத்த பெயர் என்று மூன்று கட்டம். மூன்றாவதில் 'மாப்பிள்ளை' என்பதைத் தமிழிலேயே, துணையெழுத்து ஒன்று குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா திரையில் அந்தப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். ஃபைலை இறக்குகிறபோது பிளாஸ்க்கின் சென்ட் ஃபைலுக்கு டவுன்லோட் நேம் என்ற இடத்தில் அந்தத் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால், பிரவுசருக்குப் புரிகிற யூடிஎஃப்-8 வடிவில் அதுவே அனுப்பிவிடும். பழைய பாடங்களில் இதே இடத்தில் அட்டாச்மென்ட் ஃபைல்நேம் என்று இருக்கும், பிளாஸ்க் 2.0-இல் பெயரை மாற்றிவிட்டார்கள்.

'அக்கா, இந்தச் சிக்கலே வேண்டாம், நான் ஜாங்கோ என்ற இன்னொரு கட்டமைப்புக்குப் போய்விடுகிறேன்' என்று தோன்றலாம். அங்கே வேறு கூத்து. ஒரே பெயர் மறுபடி வந்தால் ஜாங்கோ பின்னால் சில எழுத்துகளை ஒட்டி வேறு பெயராக்கிவிடும், மேலே எழுதாது. அந்த மட்டில் நல்ல பிள்ளை. தமிழ் எழுத்தையும் தூக்கி எறியாது. ஆனால் பெயரைச் சுத்தம் செய்ய அது நம்பியிருக்கிற பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு, நம் கொம்பும் காலும் புள்ளியும் 'எழுத்து' என்ற கணக்கிலேயே வராது. உயிர்மெய்யில் ஒட்டியிருப்பதை எல்லாம் உதிர்த்துவிடும். 'திருமணம்' உள்ளே போனால் 'தரமணம' என்று வெளியே வரும். 'திருநெல்வேலி', 'தரநலவல' ஆகிவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் ஆத்திரம் வந்தது. எந்தக் கட்டமைப்புக்குப் போனாலும் ரோல் நம்பர்தான் நிம்மதி.

சுத்தமே செய்யாமல் தமிழ்ப் பெயரை அப்படியே டிஸ்க்கில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அங்கே ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது, தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'திருநெல்வேலி' என்று எழுதினாலே 36 பைட் போச்சு. 'அருள்மிகு' என்று தொடங்கி கோயில் பெயர், ஊர்ப் பெயர், 'கொடை விழா அழைப்பிதழ்' என்று முழுசாக எழுதுகிற விழாக் கமிட்டி ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள்தானே. இன்னொன்று, 'கொ' என்ற எழுத்தை ஒரு மெஷின் இரண்டு குறியீட்டில் எழுதும், இன்னொன்று மூன்றில் எழுதும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, டிஸ்க்குக்கு வேறு வேறு. பாமினி ஃபாண்ட்டோடு மல்லுக்கட்டிய அச்சகத்துக்கு இந்த வலி புதிதில்லை.

அடுத்து, 0 பைட் பிடிஎஃப். உங்கள் புரோகிராம் கோடைப் பார்க்காமலே சொல்கிறேன்: பிடிஎஃப் என்றால் மட்டும் அளவைச் சரிபார்க்கிறீர்கள், அதற்கு முழு ஃபைலையும் ரீட் செய்து நீளத்தை எண்ணுகிறீர்கள், பிறகு சேவ். சரியா? கொடை வில்லுப்பாட்டைக் கேசட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. கேசட்டைக் கடைசி வரை ஓட விட்டுவிட்டு, திருப்பிச் சுற்றாமல் காப்பி போட்டால் புதுக் கேசட்டில் ஒன்றுமே ஏறாது. அப்பாவிடம் கேளுங்கள், சொல்வார். ரீட் செய்தவுடன் ஃபைலின் முள் கடைசியில் போய் நின்றுவிடுகிறது. சேவ் முள் நிற்கிற இடத்திலிருந்துதான் எடுக்கும். அங்கே எடுக்க ஒன்றுமில்லை. சேவுக்கு முன்னால் சீக் 0 என்று ஒரு வரி போதும். அளவு மட்டும் தெரிய வேண்டுமென்றால் முழுசாகப் படிக்கவே வேண்டாம்: கடைசிக்கு சீக் செய்து, டெல் என்று கேட்டு, திரும்ப 0-க்கு வந்துவிடுங்கள். ஃபைலின் கன்டென்ட் லெங்த்தைக் கேட்டால் ஆகாதா என்றால், பிரவுசர்கள் அதை ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக அனுப்புவதில்லை. பெரும்பாலும் 0 என்றுதான் வரும்.

413 உங்களுடைய பைத்தான் சொல்வதில்லை, அதனால்தான் லாக்கில் தடயம் இல்லை. முன்னால் வாசலில் நிற்கிற என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், ஃபைல் அளவுக்கு மீறிப் பெரிது என்று திருப்பி அனுப்புகிறது. அதற்குச் சொந்தமாக ஒரு வரம்பு உண்டு, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 1 எம்பி. இன்றைக்கு போனில் எடுக்கிற படம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற வரியில் 25 எம்பி மாதிரி வையுங்கள். 0 என்று வைத்தால் வரம்பே இல்லை என்று அர்த்தம், அதைச் செய்யாதீர்கள். பிளாஸ்க்கிலும் மேக்ஸ் கன்டென்ட் லெங்த்தை அதே அளவுக்கு வையுங்கள். பிளெக்ஸ் வேலைக்கு இதைவிடப் பெரிய ஃபைல் வந்தால் பென் டிரைவில் கொண்டுவரச் சொல்லலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

777-க்கு வருவோம். உங்கள் சிக்கலில் ஒன்றுகூட அனுமதிச் சிக்கல் இல்லை. அதனால்தான் எதுவும் மாறவில்லை. ஆனால் அந்த சர்வரில் இருக்கிற எந்த புரோகிராமும் எந்தக் கணக்கும் அந்த ஃபோல்டரில் எழுதலாம், அழிக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டீர்கள். இன்றைக்கே மாற்றுங்கள். உங்கள் செயலி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனரை ஃபோல்டருக்குச் சொந்தக்காரர் ஆக்கி, 750 கொடுங்கள்.

ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 'அப்லோட்ஸ்' என்று மொட்டையாக எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மொட்டைப் பாதை என்றால், புரோகிராம் எந்த இடத்தில் நின்று ஓட ஆரம்பித்ததோ அங்கிருந்து கணக்கு. லேப்டாப்பில் அது உங்கள் புராஜெக்ட் ஃபோல்டர். சர்வரில் புரோகிராம்களைத் தொடங்கி ஓட்டுகிற சிஸ்டம்டி வழியாக ஓடவிட்டு, வொர்க்கிங் டைரக்டரியைச் சொல்லாமல் விட்டால், அது ஃபோல்டர் மரத்தின் வேரிலேயே போய் நிற்கும். முழுப் பாதையைக் கொடுங்கள். அதுவும் கோடு இருக்கிற ஃபோல்டருக்குள் வேண்டாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு அலுவலகத்துக்காக எழுதிய தளத்தில் ஏற்றின ஃபைல்களெல்லாம் கோடு ஃபோல்டருக்குள்ளேயே விழுந்தன. புதுப் பதிப்பு போடுகிற அன்று பழைய ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டுப் புதுசை வைப்பது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழித்தேன். ஏழு மாதத்து ஃபைல்கள். பேக்கப்பில் கோடு இருந்தது, டேட்டாபேஸ் இருந்தது, ஃபைல்கள் இல்லை. அந்த வாரக்கடைசியை எப்படிக் கழித்தேன் என்று எழுத இது இடமில்லை. அதற்குப் பிறகு எந்த வேலையிலும் ஃபைல் கிடங்கு கோடுக்கு வெளியே, லினக்ஸில் இதற்கென்றே இருக்கிற வார் லிப் பக்கம்தான். சிஸ்டம்டியில் ஸ்டேட் டைரக்டரி என்று ஒரு வரி எழுதினால் அந்த இடத்தைச் சரியான சொந்தக்காரர் பெயரில் அதுவே உண்டாக்கித் தரும்.

ஸ்டாட்டிக் ஃபோல்டருக்குள்ளும் வைக்காதீர்கள். அங்கே போட்டால் முகவரி தெரிந்த எவரும் எடுக்கலாம். உங்களுக்கு வருவது வீட்டுப் பெண்பிள்ளைகளின் படம். லேமினேஷனும் செய்கிற கடை என்றால் ஆதார் கார்டும் வரும். ஒவ்வொரு ஃபைலும் உங்கள் கோடு வழியாக, உள்ளே நுழைந்தவர் யார் என்று பார்த்த பிறகே வெளியே போக வேண்டும். வேலை முடிந்து பணம் வாங்கி மூன்று மாதம் ஆன படங்களை அழிக்கவும் ஒரு ஏற்பாடு செய்யுங்கள். வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

எக்ஸ்டென்ஷனை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேனே, அது எப்படி? பெயரின் வாலில் என்ன இருக்கிறது என்பதையோ, பிரவுசர் சொல்கிற ஃபைல் வகையையோ நம்பாதீர்கள். இரண்டையும் அனுப்புகிறவர் இஷ்டத்துக்கு மாற்றலாம். படத்தை பில்லோ லைப்ரரியில் திறந்து ஃபார்மேட் என்னவென்று கேளுங்கள். ஜேபெக், பிஎன்ஜி என்று அது சொல்வதை வைத்து எக்ஸ்டென்ஷன் போடுங்கள். வெரிஃபை செய்தால் அதே ஆப்ஜெக்டை மறுபடி பயன்படுத்த முடியாது, புதிதாகத் திறக்க வேண்டும். சேவுக்கு முன் கேசட்டைத் திருப்பிச் சுற்றவும் மறக்காதீர்கள். ஐபோன்காரர்கள் அனுப்புகிற ஹெயிக் படத்தை பில்லோ தனியாகத் திறக்காது, பில்லோ ஹெயிஃப் என்று ஒரு துணை வேண்டும். எஸ்விஜி, எச்டிஎம்எல் இரண்டையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அதற்குள் ஸ்கிரிப்ட் ஒளிந்து வரும். பழைய பாடங்களில் ஐஎம்ஜிஎச்டிஆர், சிஜிஐ என்று இரண்டு மாட்யூல் வரும். பைத்தான் 3.13-இல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள், தேடாதீர்கள். இன்னொன்று, வந்த படத்தைச் சுருக்கிச் சேமிக்க ஆசைப்படாதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதால்தானே அச்சில் முகம் கட்டம் கட்டமாக வருகிறது. மூலத்தை அப்படியே வைத்து, திரையில் காட்ட மட்டும் குட்டிப் படம் ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

பாதி எழுதிய ஃபைல் பற்றி ஒரு வார்த்தை. படம் உங்கள் ஃபங்ஷனுக்கு வந்து சேருவதற்கு முன்பே வெர்க்சாய்க் அதை வாங்கி வைத்துவிடுகிறது. 500 கேபி வரை மெமரியில், அதற்கு மேல் ஒரு தற்காலிக ஃபைலில். நீங்கள் சேவ் என்பது அங்கிருந்து காப்பி எடுப்பதுதான். அந்த நேரத்தில் டிஸ்க் நிரம்பினாலோ சர்வர் நின்றாலோ பாதிப் படம் முழுப் படம்போல உட்கார்ந்திருக்கும். அதனால் அதே கிடங்கில் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டு, ஓஎஸ் ரீப்ளேஸ் வைத்து உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். மாறினால் முழுசாக மாறும், இல்லையென்றால் மாறவே மாறாது. அதற்குப் பிறகுதான் டேட்டாபேஸில் வரி. வரிசை தலைகீழானால், டேட்டாபேஸ் இருக்கிறது என்று சொல்லும், டிஸ்க் இல்லை என்று சொல்லும், நடுவில் வாடிக்கையாளர் நிற்பார். இந்த வரிசையில் இடையில் உடைந்தால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ஃபைல் மிஞ்சும், பிறகு கூட்டித் தள்ளிவிடலாம்.

பேக்கப் டேட்டாபேஸுக்கும் கிடங்குக்கும் சேர்த்து, ஒரே நேரத்தில். காப்பி கடை மேஜைக்கு அடியில் இருக்கிற ஹார்ட் டிஸ்க்காக இருக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆற்றுக்கு நீங்கள் என்னைவிடப் பக்கம்.

இனி, ஏற்கெனவே போன படங்கள். மேலே எழுதப்பட்ட ஃபைல் திரும்பாது, அதைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். டேட்டாபேஸில் டிஸ்க் பெயர் 'ஜேபிஜி', 'பிஎன்ஜி', 'பிடிஎஃப்' என்று மொட்டையாகவும், '1.ஜேபிஜி' மாதிரி வெறும் எண்ணாகவும் இருக்கிற ஆர்டர்களை எல்லாம் பட்டியல் எடுங்கள். ஐபோனில் அங்கேயே எடுத்து அனுப்பிய படங்கள் எல்லாருக்கும் 'இமேஜ்' என்ற ஒரே பெயரில் வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகாத ஆர்டர்களை முதலில் நிறுத்தி வைத்து, அவர்களுக்கு போன் போட்டுப் படத்தை மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். கண்ணீர் அஞ்சலி வீட்டுக்கு மட்டும் போன் வேண்டாம். அப்பாவை நேரில் போய்க் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள்.